போக்கர் மெஷின் பணத்தில் பிள்ளைகளின் விளையாட்டு: ஒரு விரிவான பதில்

சிட்னியின் மேற்குப் புறநகரில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மகன் விளையாடும் சிறுவர் அணிக்கு அருகிலுள்ள லீக்ஸ் கிளப் (ரக்பி லீக் அணியைத் தாங்கும் உறுப்பினர் மன்றம்) ஆதரவு தருகிறது. சீருடையில் அந்தக் கிளப்பின் பெயர் இருக்கிறது, பதிவுக் கட்டணமும் குறைவு, ஆண்டு இறுதிப் பரிசளிப்பும் அவர்களுடைய மண்டபத்தில்தான் நடக்கிறது. அந்தக் கிளப்பின் வருமானத்தில் பெரும்பங்கு போக்கர் மெஷின்களிலிருந்து (சீட்டாட்டம் அல்ல, பணம் போட்டுச் சக்கரம் சுழற்றும் சூதாட்ட இயந்திரங்கள்) வருகிறது என்று தெரிந்த பின் அவருக்கு மனம் ஒப்பவில்லை. கணவரோ, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, பணமும் நல்ல காரியத்துக்குத்தானே போகிறது என்கிறார். விளையாட்டுக் கிளப்புகள் சூதாட்ட வருமானத்தை நம்பி நடப்பது அறத்துக்கு உகந்ததா என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூதாட்டத்திலிருந்து ஒரு கிளப்புக்குச் சிறிது பணம் வருகிறது என்பதற்காக மட்டுமே அதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். குலுக்கல் சீட்டு விற்றுப் பந்து வாங்கும் கிளப்பை யாரும் குற்றம் சொல்வதில்லை. ஆனால் தன்னைக் கட்டுப்படுத்த முடியாத நிலைக்குப் போய்விட்டவர்களின் இழப்பு இல்லாமல் தன் கணக்கை நேர்செய்ய முடியாத அளவுக்கு ஒரு கிளப் அந்த வருமானத்தைச் சார்ந்திருந்தால், அது தவறுதான். அந்தச் சார்பு இன்னொரு தவறையும் பெற்றெடுக்கிறது: தீங்கைக் குறைக்கும் சட்டம் எது வந்தாலும் கிளப்புகள் அதற்கு எதிராக நிற்க வேண்டியதாகிறது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இந்த இரண்டுமே நடந்திருக்கின்றன என்பதால், பொதுவாகப் பேசாமல் அந்த மாநிலத்தை வைத்தே விளக்குகிறேன்.

1956-இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு, பதிவு பெற்ற கிளப்புகளில் போக்கர் மெஷின் வைப்பதைச் சட்டபூர்வமாக்கியது. அதற்கு முன்பும் பல கிளப்புகளில் அவை இருந்தன. அரசு கண்டும் காணாமலும் இருந்தது, அவ்வளவுதான். மதுக்கடைகளுக்கு (உட்கார்ந்து குடிக்கும் பப்களுக்கு) அனுமதி கிடைக்காமல் கிளப்புகளுக்கு மட்டும் கிடைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணத்தை இன்றைக்கும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: கிளப் என்பது தனி முதலாளியின் லாபத்துக்காக நடப்பது அல்ல, அது உறுப்பினர்களுக்குச் சொந்தமானது, வரும் பணம் உறுப்பினர்களுக்கும் விளையாட்டுக்கும் திரும்பிச் செல்லும். ரக்பி லீக் அணிகளைத் தாங்குவதற்கென்றே உருவான லீக்ஸ் கிளப்புகள் இந்த வழியில் வேகமாக வளர்ந்தன. செயின்ட் ஜார்ஜ் அணி 1956 முதல் 1966 வரை தொடர்ந்து பதினொரு முறை பட்டம் வென்றது. அதன் லீக்ஸ் கிளப் 1963-இல் கோகராவில் எழுப்பிய கட்டடத்துக்கு மக்கள் வைத்த செல்லப் பெயர் தாஜ் மகால். பட்டங்களை வீரர்கள்தான் வென்றார்கள். ஆனால் நல்ல வீரர்களை வேறு அணிக்குப் போகாமல் பிடித்துவைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பதில் அன்றைக்கே யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

அன்றைய இயந்திரத்தைக் கையால் இழுக்க வேண்டும். நாணயம் போட்டு, இழுத்து, சக்கரம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். இன்றைய இயந்திரம் அதே பெயரில் வழங்கும் வேறொரு பொருள். தாள் பணத்தை உள்ளே தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால், சில விநாடிகளுக்கு ஒரு சுற்று ஓடும். திரையில் படங்கள் பொருந்தக்கூடிய இருபது, ஐம்பது கோடுகளில் ஒரே நேரத்தில் பந்தயம் வைக்கலாம். ஐம்பது காசு வைத்துப் பதினைந்து காசு திரும்பி வந்தாலும், வென்றவருக்குப் போலவே விளக்கு எரிந்து இசை ஒலிக்கும்படி பல இயந்திரங்கள் அமைக்கப்பட்டுள்ளன. முப்பத்தைந்து காசு போனது ஆட்டக்காரரின் உணர்வில் பதிவதில்லை.

சட்டப்படி இயந்திரம் குறைந்தது 85 விழுக்காட்டைத் திருப்பித் தர வேண்டும், நடைமுறையில் 90-ஐ ஒட்டித் தருகிறது என்று கிளப் ஆதரவாளர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நூறு டாலரோடு போனவர் தொண்ணூறோடு திரும்புவார் என்று இதற்குப் பொருள் கொள்வது பெரும் பிழை. அந்த விகிதம் ஒவ்வொரு சுற்றின் பந்தயத்துக்கும் உரியது. வென்றதை மீண்டும் மீண்டும் வைத்து ஆடினால், நூறு தொண்ணூறாகும், பிறகு எண்பத்தொன்றாகும். முழுத் தொகையும் ஏழு முறை சுழன்றுவிட்டால் சராசரியாகப் பாதிகூட மிஞ்சாது. நியூ சவுத் வேல்ஸில் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் பத்து டாலர் வைக்கலாம். ஐந்து விநாடிக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 720 சுற்றுகள் ஆகும். பத்து விழுக்காடு இழப்பு என்றால் ஒரு டாலர் பந்தயத்தில் சராசரி இழப்பு மணிக்கு 72 டாலர், பத்து டாலர் பந்தயத்தில் 720 டாலர். இவை சராசரிகள்தான். ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010 அறிக்கையில், ஒரு மணி நேரத்தில் 1,500 டாலர் வரை இழப்பது எளிது என்று எச்சரித்து, பந்தய உச்சவரம்பை ஒரு டாலராகக் குறைக்கப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையை எந்த மாநிலமும் அப்படியே ஏற்கவில்லை.

உங்கள் கேள்விக்கான விடையின் நடுப்பகுதியும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறையேனும் இந்த இயந்திரங்களில் ஆடுபவர்கள் அப்போது நாட்டில் சுமார் ஆறு லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 95,000 பேர் சூதாட்டச் சிக்கலில் ஆழ்ந்தவர்கள். இயந்திரங்களில் மொத்தமாகச் செலவாகும் பணத்தில் சுமார் 40 விழுக்காடு இத்தகையவர்களிடமிருந்து வருகிறது என்று ஆணையம் மதிப்பிட்டது. சிக்கலின் விளிம்பில் இருப்பவர்களையும் சேர்த்தால் பங்கு இன்னும் கூடும். இது மதிப்பீடு என்பதையும், அதற்கு ஆணையமே கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டும் கொடுத்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கீழ் எல்லையையே எடுத்துக்கொண்டாலும், கிளப்புக்கு வரும் ஐந்து டாலரில் ஒன்றுக்கு மேல் நோயுற்ற ஒருவரின் கையிலிருந்து வருகிறது.

கிளப் செய்யும் நல்ல காரியத்தைப் பட்டியலிடுவதற்கு முன் இந்த எண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் வாதம். ஒரு தொழிலின் வாடிக்கையாளர்களில் மிகச் சிலர் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றால், அந்தத் தொழிலைக் குறை சொல்வதில் அவ்வளவு நியாயம் இல்லை. ஆனால் அந்தச் சிலரே வருமானத்தின் தூணாக இருந்தால், அவர்கள் குணமடைவது அந்தத் தொழிலுக்கு நட்டம். உறுப்பினர்களுக்குச் சொந்தமான ஒரு கிளப்புக்கு இது கூடுதலாகப் பொருந்தும். மதுக்கடை முதலாளிக்கு வாடிக்கையாளர் அயலார். கிளப்புக்கோ இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் அதன் உறுப்பினர், அதாவது அதன் சொந்தக்காரர்களில் ஒருவர். தன் உறுப்பினர்களின் நலனுக்காக இருக்கிறேன் என்று சொல்லி வரிச் சலுகை பெறும் அமைப்பு, அதே உறுப்பினர்களில் சிலர் வீட்டுக் கடனையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் இழப்பதால் நடைபெறுகிறது என்றால், அது தன் பிறப்புக்குக் காரணமான வாக்குறுதியையே முறித்துவிட்டது.

உங்கள் கணவரின் இரண்டு வாதங்களுக்கும் வருகிறேன். அவற்றை எளிதில் தள்ளிவிட முடியாது.

யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது முதல் வாதம். பெரும்பாலானவர்களைப் பொறுத்தவரை இது உண்மை. வாரக் கடைசியில் உணவருந்த வந்து இருபது டாலர் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்து போகிறவருக்குப் பாதுகாவலர் தேவையில்லை. வளர்ந்தவர்கள் தம் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று அடுத்தவர் சொல்வது எனக்கும் பிடிக்காது. ஆனால் விருப்பத்தின் பெயரால் வாதாடும் கிளப்புகள், முன்கூட்டியே தெளிந்த மனத்தோடு விருப்பத்தைத் தெரிவிக்கும் வாய்ப்பை மட்டும் எதிர்த்திருக்கின்றன. இன்றைக்கு நான் ஐம்பது டாலருக்கு மேல் இழக்க விரும்பவில்லை என்று ஆட்டத்துக்கு முன்பே ஓர் அட்டையில் பதிந்துகொண்டு, அந்த எல்லை வந்ததும் இயந்திரம் நின்றுவிடும் ஏற்பாடு, ஆட்டக்காரரின் விருப்பத்தை மதிக்கும் ஏற்பாடுதானே? அதற்கு நேர்ந்த கதியைக் கீழே சொல்கிறேன்.

பணம் நல்ல காரியத்துக்குப் போகிறது என்பது இரண்டாவது. எவ்வளவு போகிறது என்று பார்ப்போம். நியூ சவுத் வேல்ஸில் 85,000-க்கும் மேற்பட்ட இயந்திரங்கள் உள்ளன, அவற்றில் பெரும்பகுதி கிளப்புகளில். மதுக்கடைகளையும் சேர்த்து, மக்கள் இவற்றில் இழக்கும் தொகை ஆண்டுக்கு 800 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. கிளப்கிராண்ட்ஸ் என்ற மாநிலத் திட்டத்தின்படி, இயந்திர வருமானம் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டும் கிளப்புகள், தாண்டிய தொகையில் 1.85 விழுக்காட்டை உள்ளூர்ச் சமூகப் பணிகளுக்கு வழங்குகின்றன. இன்னொரு 0.4 விழுக்காடு மாநில அளவிலான நிதிக்குப் போகிறது. அப்படி வழங்கும் தொகைக்கு ஈடாக மாநில அரசு அவற்றின் வரியைக் குறைத்துக்கொள்கிறது. உங்கள் மகனின் அணிக்கு வரும் உதவி இந்தத் திட்டத்தின் கீழ் வருவதாக இருந்தால், சீருடையில் இருப்பது கிளப்பின் சின்னம், செலவில் பெரும்பகுதி அரசுக் கருவூலத்தினுடையது. வரியாக வசூலித்து நேரடியாக உள்ளாட்சி மன்றத்திடம் கொடுத்திருந்தால் அதே பணத்தில் அதே பந்து வாங்கியிருக்கலாம், சின்னம் மட்டும் இருந்திருக்காது.

கிளப்புகள் இதற்கு மேலும் செய்கின்றன என்பதை மறுக்கவில்லை. மலிவான உணவு, வயதானவர்கள் பகலில் கூடிப் பேச ஓர் இடம், குறைந்த வாடகையில் மண்டபம் என்று அவை தருபவை பல. மேற்கு சிட்னியில் நம்மவர்களின் எத்தனையோ பிறந்தநாள் விழாக்களும் சங்கக் கூட்டங்களும் அந்த மண்டபங்களில்தான் நடக்கின்றன. எனவே இந்தக் கேள்வி விளையாட்டு ரசிகர்களுக்கு மட்டும் உரியது அல்ல. ஆனாலும் மேற்சொன்ன ஆணையம் இந்தப் பயன்களையும் எடைபோட்டுப் பார்த்தது. கிளப்புகள் சமூகத்துக்குத் தருவதன் மதிப்பு, வரிச் சலுகையாகவும் பிற வழிகளிலும் அரசு அவற்றுக்குத் தருவதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கலாம் என்பதே அதன் கணிப்பு. இயந்திரப் பணத்தின் பெரும்பங்கு கிளப்பின் சொந்த நடப்புக்கும், ஊழியர் சம்பளத்துக்கும், கட்டடத்தை இன்னும் பெரிதாக்குவதற்கும் போகிறது. கட்டடம் பெரிதாகும்போது அதை நடத்த இன்னும் அதிக வருமானம் தேவைப்படுகிறது. சார்பு இப்படித்தான் வளர்கிறது. தீய நோக்கம் எதுவும் தேவையில்லை. கொஞ்சம் பெருமித ஆசையும் ஒரு வங்கிக் கடனும் போதும்.

பணம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாநிலத்தில் இயந்திர இழப்பு மிகுந்த உள்ளாட்சிப் பகுதிகளைப் பட்டியலிட்டால் ஃபேர்ஃபீல்டு, கேன்டர்பரி-பேங்க்ஸ்டவுன், கம்பர்லேண்ட் ஆகியவை முன்வரிசையில் வருகின்றன. இவை சிட்னியின் செல்வந்தர் பகுதிகள் அல்ல. புலம்பெயர்ந்தவர்களும் அகதிகளாக வந்தவர்களும் அடர்ந்து வாழும் பகுதிகள். வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், கிராவீன் என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த இடங்கள் கம்பர்லேண்டைச் சேர்ந்தவை. இரவுப் பணி முடிந்து வருபவருக்கு அந்த நேரத்தில் திறந்திருக்கும் வெளிச்சமான, பாதுகாப்பான, மொழி தேவைப்படாத இடமாகக் கிளப்பே இருக்கிறது. நம் சமூகத்தில் குடிப்பழக்கத்தைப் பற்றியாவது உறவினர்கள் வாய்திறந்து பேசுவார்கள். இயந்திரத்தில் பணம் போவதை, வங்கியிலிருந்து கடிதம் வரும்வரை மனைவிக்குக்கூடத் தெரியாமல் மறைத்துவிட முடிகிறது. ஏழைப் புறநகரில் திரட்டிய பணத்தை அதே புறநகரின் பிள்ளைகளுக்குச் சீருடையாகத் திருப்பித் தருவதைச் சமூக சேவை என்று சொல்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். எடுத்ததில் மிகச் சிறிய பங்குதான் திரும்பி வருகிறது, எடுக்கப்பட்ட வீட்டுக்கே அது திரும்பிப் போவதும் இல்லை.

இனி அரசியல். நான் மிகவும் கவலைக்குரியதாகக் கருதுவது இதைத்தான்.

2010 ஆஸ்திரேலிய நாடாளுமன்றத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது, தாஸ்மேனியாவைச் சேர்ந்த சுயேச்சை உறுப்பினர் ஆண்ட்ரூ வில்க்கி, ஜூலியா கில்லார்டின் ஆட்சிக்கு ஆதரவளிக்க ஒரு நிபந்தனை வைத்தார். மேலே சொன்ன, ஆட்டக்காரரே முன்கூட்டி எல்லை வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு நாடெங்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது அது. பிரதமர் ஒப்புக்கொண்டார். கிளப்புகளின் கூட்டமைப்பும் மதுக்கடைகளின் சங்கமும் சேர்ந்து, அந்தச் சட்டம் ஆஸ்திரேலியப் பண்புக்கே விரோதமானது என்ற முழக்கத்தோடு பெரும் பிரசாரத்தில் இறங்கின. குறைந்த வாக்குகளில் வென்ற உறுப்பினர்களின் தொகுதிகளைக் குறிவைத்தன. சிறுவர் விளையாட்டு அழிந்துவிடும் என்பது அந்தப் பிரசாரத்தின் முக்கியமான வாதங்களில் ஒன்று. 2012 ஜனவரியில் அரசு பின்வாங்கியது, வில்க்கி ஆதரவை விலக்கிக்கொண்டார்.

பத்தாண்டுகள் கழித்து, 2022 அக்டோபரில், நியூ சவுத் வேல்ஸ் குற்ற ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. குற்றச் செயல்களில் ஈட்டிய பணம் பெருந்தொகையாகக் கிளப்புகளிலும் மதுக்கடைகளிலும் உள்ள இயந்திரங்கள் வழியாகப் பாய்கிறது, ரொக்கத்தை ஒழித்து அட்டை முறைக்கு மாற வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அன்றைய முதல்வர் டோமினிக் பெரோட்டே அதை ஏற்றுத் தேர்தல் வாக்குறுதியாகவே முன்வைத்தார். 2023 மார்ச் தேர்தலில் அவருடைய கூட்டணி தோற்றது. தோல்விக்குக் காரணங்கள் பல, இதை மட்டும் சொல்வது நேர்மையாகாது. வென்ற லேபர் கட்சி, அட்டை முறையை முதலில் சோதனையாகச் செய்துபார்ப்போம் என்ற நிலையை எடுத்தது. புதிய இயந்திரங்களில் ஒரே நேரத்தில் உள்ளிடக்கூடிய ரொக்கத்தை 5,000 டாலரிலிருந்து 500 டாலராகக் குறைத்தது போன்ற சில நல்ல மாற்றங்களும் வந்தன. ஆனால் முக்கியமான சீர்திருத்தம் எதுவோ, அது ஒவ்வொரு முறையும் அடுத்த முறைக்குத் தள்ளப்படுகிறது.

இதில் கிளப் நிர்வாகிகளைக் கொடியவர்களாகச் சித்திரிக்க நான் விரும்பவில்லை. அவர்களில் பலர் ஊதியமின்றி உழைப்பவர்கள். ஆனால் அவர்களுடைய வரவுசெலவுத் திட்டம் அவர்களுக்குப் பதிலாகப் பேசுகிறது. சிக்கலில் உள்ளவர்களைக் காப்பாற்றும் சட்டம் வந்தால் வருமானத்தில் கால் பங்கு போய்விடும் என்று அஞ்சும் நிர்வாகி, அந்தக் கால் பங்கு யாருடையது என்பதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார்.

நாம் விட்டால் அடுத்த தெரு மதுக்கடை எடுத்துக்கொள்ளும், குறைந்தபட்சம் நம்மிடம் வந்தால் விளையாட்டுக்காவது போகும் என்பது கிளப்புகளின் கடைசி வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. விக்டோரியா மாநிலத்தில் ஏஎஃப்எல் (ஆஸ்திரேலியக் கால்பந்தின் முதன்மைப் போட்டி) அணிகளின் அனுபவம் அந்தப் பாதியைக் காட்டுகிறது. 1992 முதல் அங்கே இயந்திரங்கள் வந்தன, பெரும்பாலான மெல்பர்ன் அணிகள் விடுதிகளை வாங்கி அவற்றில் இறங்கின. நார்த் மெல்பர்ன் அணி 2008-இல் அதிலிருந்து வெளியேறியது. அது அந்த நகரின் பணக்கார அணிகளில் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். காலிங்வுட் 2018-இல் தன் இரு விடுதிகளையும் கைமாற்ற முடிவெடுத்தது, பின்னர் ஹாதார்ன் போன்ற அணிகளும் அதே வழியில் வந்தன. ஆனால் இயந்திரங்கள் பெரும்பாலும் அணைக்கப்படவில்லை, வேறு நிறுவனங்களுக்கு விற்கப்பட்டன. அணியின் கை சுத்தமானது, இயந்திரத்தின் முன் இருந்தவரின் நிலை மாறவில்லை.

அப்படியானால் வெளியேறுவதில் பயனே இல்லையா? இருக்கிறது என்றே நினைக்கிறேன். வருமானத்துக்காக இயந்திரத்தை நம்பாத அணிதான் இயந்திரத்தைப் பற்றி வாய்திறந்து பேச முடியும். பல லட்சம் ரசிகர்களின் அன்பைப் பெற்ற அமைப்பு ஒரு சீர்திருத்தத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து விலகி நின்றாலே அது பெரிய மாற்றம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இளைஞர்களைப் பந்தயத்திலிருந்து காக்கும் மாநில அரசின் திட்டத்தில் சேர்ந்து, பந்தய நிறுவனங்களின் விளம்பரப் பணம் வேண்டாம் என்று கையெழுத்திட்ட அணிகளில் சில, அதே காலத்தில் சொந்தமாக இயந்திரங்களை நடத்திக்கொண்டிருந்தன. அடுத்தவன் கடையில் கள் குடிக்காதே என்று சொல்லித் தன் கடைக்கு ஆள் சேர்த்த கதைதான்.

இயந்திரம் இல்லாவிட்டால் விளையாட்டு செத்துவிடுமா என்ற கேள்விக்கு விடை தேடி ஆஸ்திரேலியாவை விட்டு வெளியே போகக்கூடத் தேவையில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரின் சூதாட்ட மாளிகையைத் தவிர வேறெங்கும், எந்தக் கிளப்பிலும் எந்த மதுக்கடையிலும், போக்கர் மெஷின் இல்லை. அங்கே பிள்ளைகள் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெஸ்ட் கோஸ்ட், ஃப்ரீமேண்டில் என்ற இரண்டு பெரிய அணிகளும் நாட்டின் முதன்மைப் போட்டியில் ஆடுகின்றன. அங்கும் அரசு லாட்டரி நிறுவனத்தின் லாபத்தில் ஒரு பங்கு விளையாட்டுக்குப் போகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் வாரம் ஒரு முறை குலுக்கப்படும் சீட்டு, ஐந்து விநாடிக்கு ஒரு முறை சுழலும் இயந்திரம் செய்யும் தீங்கைச் செய்வதில்லை. சிட்னியிலேயே பீட்டர்ஷம் பவுலிங் கிளப் (புல்வெளியில் பந்து உருட்டும் ஆட்டத்துக்கானது) இயந்திரங்களை அகற்றிவிட்டு, இசை நிகழ்ச்சிகளையும் நல்ல பீரையும் புல்வெளியையும் நம்பிப் பிழைத்துக்கொண்டது. அது சிறிய கிளப், நகரின் உட்பகுதியில் இருப்பது. ஆயிரம் ஊழியர் உள்ள பெரிய கிளப் அதை அப்படியே பின்பற்ற முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெரிய அளவில் செய்துகாட்டியது நார்வே. அங்கே இத்தகைய இயந்திரங்களின் வருமானத்தில் செஞ்சிலுவைச் சங்கம், கடல் மீட்புச் சங்கம் போன்ற பெருமதிப்புக்குரிய அமைப்புகள் நடந்துகொண்டிருந்தன. நல்ல காரியத்துக்குப் போகிறது என்ற வாதம் அங்கே இருந்த அளவுக்கு வலுவாக வேறெங்கும் இருந்திருக்காது. இருந்தும் நார்வே அரசு 2006-இல் தாள் பணம் ஏற்பதைத் தடைசெய்து, 2007 ஜூலை 1-இல் இயந்திரங்களை முழுவதும் அகற்றியது. பின்னர் அரசு நிறுவனமான நோர்ஸ்க் டிப்பிங் மட்டும், அட்டையும் கட்டாய இழப்பு வரம்பும் உள்ள, வேகம் குறைந்த இயந்திரங்களைக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் உபரியில் 64 விழுக்காடு இப்போது விளையாட்டுக்குப் போகிறது. நார்வேயின் விளையாட்டும் சூதாட்டப் பணத்தில்தான் நடக்கிறது என்று நீங்கள் சொல்லலாம், அது சரிதான். வேறுபாடு, பணம் பெறும் கிளப்புக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில் உள்ளது. ஒரு குறிப்பிட்ட மனிதர் இன்றிரவு இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற ஆசை அந்த ஊர்க் கிளப்பில் யாருக்கும் ஏற்படக் காரணமில்லை. இழப்பு வரம்பை எதிர்த்துக் கொடிபிடிக்க வேண்டிய நிலையும் இல்லை. முழுத் தூய்மையைக் கேட்டால் கிடைக்காது. இந்தத் தூரத்தைக் கேட்கலாம், கேட்டுப் பெறவும் முடியும்.

சீருடை விளம்பரம் வேறு வகைச் சிக்கல், அதைச் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அணிகள் இயந்திரம் நடத்துவதில்லை. பந்தய நிறுவனங்களின் பெயரை மார்பில் சுமக்கப் பணம் வாங்கின. 2025-26 பருவத்தின் முடிவோடு போட்டிச் சட்டையின் முன்பக்கத்திலிருந்து அந்தப் பெயர்களை நீக்க 2023 ஏப்ரலில் அவை ஒப்புக்கொண்டன. சட்டைக் கைக்கும் மைதான ஓர விளம்பரப் பலகைக்கும் அந்த ஒப்பந்தம் பொருந்தாது. பிரென்ட்ஃபர்டு வீரர் ஐவன் டோனி பந்தய விதிகளை மீறியதற்காக 2023-இல் எட்டு மாதத் தடை பெற்றபோது, அவருடைய அணியின் சட்டையில் இருந்ததும் ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர்தான். வீரர் செய்தது விதிமீறல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரைத் தண்டித்த விளையாட்டு எதை விற்றுக்கொண்டிருந்தது என்பதையும் ரசிகர்கள் பார்த்தார்கள். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் வந்ததும், தேசிய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து ட்ரீம்11 மறைந்தது, சில வாரங்களில் ஒரு டயர் நிறுவனம் அந்த இடத்துக்கு வந்தது. அந்தப் பணம் இல்லாமல் விளையாட்டே இல்லை என்ற பேச்சை, ஆள் மாறிய வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் இந்திய அணிக்குக் கிடைக்கும் மாற்று ஆதரவாளர் உங்கள் புறநகர்ச் சிறுவர் அணிக்குக் கிடைப்பது எளிதல்ல என்பதும் உண்மை.

எனவே மகனை அணியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பணத்தின் வழியைப் பிள்ளை தேர்ந்தெடுக்கவில்லை. அவன் விலகுவதால் இயந்திரத்தின் முன் இருக்கும் யாருக்கும் ஒரு டாலர்கூட மிச்சமாகாது. சிறுவர் அணியை நடத்தும் பெற்றோர் குழுவின் முன் உங்களால் வைக்கக்கூடிய கோரிக்கைகள் உண்டு. பிள்ளைகளின் சட்டையில் கிளப்பின் பெயர் இல்லாமலேயே உதவியைப் பெற முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். பரிசளிப்பு விழாவை இயந்திரக் கூடத்தைக் கடந்து போகத் தேவையில்லாத பள்ளி மண்டபத்துக்கு மாற்றலாம். உள்ளாட்சி மன்றத்தின் மானியம், மாநில அரசு பிள்ளைகளின் விளையாட்டுக்குத் தரும் வவுச்சர், ஊர் வங்கிக் கிளைகளின் ஆதரவு ஆகியவற்றைச் சேர்த்தால் எவ்வளவு தேறும் என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். பெரும்பாலான அணிகளில் அந்தக் கணக்கை யாரும் போட்டே பார்த்திருக்கமாட்டார்கள், கிளப்பின் காசோலை எளிதாக வந்துவிடுவதால்.

வீட்டிலோ உறவிலோ யாருக்கேனும் இந்தச் சிக்கல் இருப்பதாக ஐயம் இருந்தால் 1800 858 858 என்ற இலவச உதவி எண்ணை அழைக்கலாம், மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார். கிளப்புகளில் நுழையாதபடி தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் பதிவு முறையும் உண்டு. ஒரே விண்ணப்பத்தில் பல கிளப்புகளுக்கும் சேர்த்துச் செய்யலாம்.

மற்றபடி, உங்கள் குடும்பத்தில் யாரேனும் அந்தக் கிளப்பின் உறுப்பினராக இருந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமையும் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் அவருக்கு உண்டு. மலிவான உணவுக்காக உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களில் மிகச் சிலரே அந்தக் கூட்டத்துக்குப் போகிறார்கள், அதனால் ஒரு சிறு குழு சேர்ந்து போனாலே அது கவனிக்கப்படும். போவதற்கு முன் கிளப்பின் ஆண்டறிக்கையைப் படியுங்கள். பெரும்பாலும் அது இணையதளத்திலேயே கிடைக்கும். நிதிநிலைக் கணக்கின் குறிப்புகளில் போக்கர் மெஷின் வருமானம் தனியாகக் காட்டப்பட்டிருக்கும். மொத்த வருமானத்தில் அது எத்தனை விழுக்காடு என்று பாருங்கள், முந்தைய ஐந்து ஆண்டுகளின் அறிக்கைகளிலும் அதே எண்ணை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். விகிதம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவந்தால், அந்த நிர்வாகம் சொல்வதை நான் பொறுமையாகக் கேட்பேன். கூடிக்கொண்டே போனால், அடுத்த பத்து ஆண்டுகளில் அதைக் குறைக்க என்ன திட்டம் என்று கூட்டத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். பதிலைப் பார்த்துவிட்டு வாக்களியுங்கள்.